சோபாவின் இரண்டு பள்ளங்கள்

உட்காருவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச டெல்லி மாநகரத்தில் ஆளே கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆதாரம் இருக்கிறது. எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு நேர் எதிரே, பழுப்பு நிறத்தில் இருக்கிறது.

கீர்த்தி நகரில் வாங்கிய மூன்று பேர் சோபா அது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள் என்று காலி செய்துகொண்டு மோதி பாக்குக்கு வந்தபோது, அம்மா அதைப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் தள்ளிவிடப் பார்த்தாள். அவன் வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “பாபிஜி, இதில் இன்னும் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரிதான். நாங்கள் எழுந்துபோன பிறகும் அதில் நாங்கள் இருப்போம். இடது பக்கம் ஒரு பள்ளம், அப்பாவுடையது. வலது பக்கம் ஒரு பள்ளம், என்னுடையது. நடுவில் ரிமோட்டும் முறுக்கு டப்பாவும்.

அப்பாவின் பெயர் சிவஞானம். மத்திய அரசில் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஆபீஸில் ஒன்பது மணிநேரம், பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம், சோபாவில் நான்கு மணிநேரம் என்று ஒரு நாளைக்குப் பதினான்கரை மணிநேரம் உட்காருவார். நான் பி.ஏ. வரலாறு மூன்றாம் வருடம். அனுபவம் குறைவு என்றாலும் திறமை உண்டு. அம்மா எங்களை “ரெண்டு மூட்டை” என்பாள். “ஏ, பெரிய மூட்டைக்கு டீ வேணுமா, சின்ன மூட்டைக்கு டீ வேணுமா?” என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். இரண்டு மூட்டைகளும் சேர்ந்து “ம்” என்போம்.

அப்பா பேசுகிறவர் இல்லை. போனில் “சரி” என்பார், கல்யாண வீட்டில் “நல்லது” என்பார். ஆனால் சாயங்காலம் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிட்டார் என்றால் வேறு ஆள். டிவியில் ஏதாவது பழைய கிரிக்கெட் மேட்ச் ஓடும். அப்பா, மேலதிகாரிக்கு ஃபைலை ‘புட்-அப்’ செய்து அனுப்பும் ஆபீஸ் பாஷையில் வர்ணனை செய்வார்.

“பந்தை ஸ்லிப்புக்குப் புட்-அப் பண்ணிட்டான்டே.”

“ஸ்லிப் அப்ரூவ் பண்ணிட்டாரா?”

“கையில வாங்கிக் கீழ போட்டுட்டாரு. குறிப்புடன் திருப்பி அனுப்பப்பட்டது.”

“அம்பயர் என்ன சொல்றாரு?”

“பரிசீலனையில வச்சிருக்காரு.”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குப் புரிந்ததே இல்லை. அவளுக்குப் புரியாமல் இருந்ததுதான் அதன் சிறப்பு. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விளையாட்டு. அப்பா யாரிடமும் பேசாத பேச்செல்லாம் வலது பள்ளத்தில் இருப்பவனுக்கு மட்டும் கிடைக்கும். பதினான்கு வருடமாக அது நான்.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா ஆபீஸில் கீழ் டிராயரிலிருந்து ஒரு ஃபைலை எடுக்கக் குனிந்தார். ஃபைல் மேலே வந்தது, அப்பா வரவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்த அவரை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். டிஸ்பென்சரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “நோய் ஒன்றும் இல்லை. ரொம்ப உட்காருகிறீர்கள், அதுவும் கூன் போட்டு உட்காருகிறீர்கள்” என்றார். ஒரு குடும்பத்தின் பாரம்பரியத்தை ஒரே வரியில் அவமானப்படுத்திவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கௌஷிக் வந்தான்.

கௌஷிக், அப்பாவோடு முன்பு ஒரே செக்‌ஷனில் இருந்த ராமசுப்ரமணியன் அங்கிளின் பையன். துவாரகாவில் வீடு. இருபத்தாறு வயது. பக்கத்து ஊரான குர்காவ் நகரத்தில், உடம்பில் மாட்டிக்கொள்ளும் மின்சார சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்கேலை விழுங்கினவன் மாதிரி நடந்து வந்தான். வந்தவன் நேராக என் பள்ளத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. விளிம்பில் தங்கினான். பள்ளத்துக்கு அவன் வந்ததே தெரிந்திருக்காது.

பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். அதற்குள் கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு கிளிப்.

“அங்கிள், இதை பனியனுக்கு உள்பக்கம், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டிக்கணும். ரெண்டு வேலை பண்ணும். முதுகு வளைஞ்சா லேசா உதறும். நாற்பத்தஞ்சு நிமிஷம் அசையாம உட்கார்ந்தேள்னா மறுபடியும் உதறும். எழுந்து மூணு நிமிஷம் நடந்தேள்னா போன்ல பச்சை டிக் விழும்.”

“எந்திரிக்கலைன்னா?” என்று கேட்டேன்.

“பார்ட்னருக்கு மெசேஜ் போகும். நிமிராம கூனிண்டே இருந்தாலும் போகும். யாராவது ஒருத்தரை ஆப்ல பார்ட்னரா சேர்த்துக்கணும். அவரும் கிளிப் போட்டுண்டு, அவரும் எழுந்து மூணு நிமிஷம் நடக்கணும். ரெண்டு பேரும் நடந்தாத்தான் டிக்.”

“ஒருத்தர் தப்பு பண்ணா இன்னொருத்தருக்கும் தண்டனையா?”

“தண்டனை இல்லடா. கம்பெனி.”

கம்பெனி! பதினான்கு வருடமாக அந்த வீட்டில் கம்பெனி கொடுத்துக்கொண்டிருப்பவன் எதிரே நின்றுகொண்டிருக்கிறேன். உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒரு சட்டைப் பொத்தான் சொல்லி நான் எந்திரிக்கிற நாள் வந்தா, அன்னிக்கு இந்த சோபாவைக் கொண்டுபோய் யமுனையில கரைச்சிடலாம்” என்றேன்.

“நல்லா இருக்கும்” என்றாள் அம்மா, காபியை நீட்டியபடி. “அந்த நாள் ஜல்தி வரட்டும். இடமாவது காலியாகும்.”

அப்பா கிளிப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதோடு வந்த காகிதத்தை, அடியில் இருந்த பொடி எழுத்துவரை முழுவதும் படித்தார்.

முதல் பத்து நாள் எந்த ஆபத்தும் இல்லை. கிளிப் உதறும், அப்பா நிமிருவார், மறந்துபோவார், மறுபடி பள்ளத்தில் சரிவார். மெஷின் தோற்றுக்கொண்டிருந்தது. நான் நிம்மதியாக முறுக்குத் தின்றேன்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, மேட்ச் நடுவில் அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் கௌஷிக்கின் குரல்.

“அங்கிள், எழுந்துக்கலாமா?”

அப்பா எழுந்தார். ஓவரில் இன்னும் இரண்டு பந்து பாக்கி இருந்தது. பதினான்கு வருடத்தில் அவர் ஓவர் நடுவில் எழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை பூகம்பம் வந்தபோதுகூட ஓவர் முடிந்துதான் எழுந்தார். இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எங்கள் பால்கனி ஏழு அடி. அதில் மூன்று நிமிடம் நடப்பதற்கு ஒரு மனிதனுக்கு நல்ல துணை இருக்க வேண்டும்.

அப்பா சிரித்தார். கதவு வழியாகக் கேட்டது.

சிரிக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது என்று டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். அப்போதுதான் அது காதில் விழுந்தது.

“பந்து இன்னும் ஸ்லிப்புகிட்டதான்டே நிக்கி. அப்ரூவல் ஆகலை.”

ரிமோட்டை வைத்துவிட்டேன். எங்கள் விளையாட்டு. அதோடு ‘டே’ வேறு. அப்பா ‘டே’ போடுவது உலகத்தில் ஒரே ஒருவனை. அந்த ஒருவன் உள்ளே இருந்தான், முறுக்கோடு.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. ஏழு மணிக்கு ஒரு போன், எட்டுக்கு ஒரு போன். அப்பா சோபாவின் விளிம்பில் இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் நடந்தார். நடந்துவிட்டு வந்து “கௌஷிக் சொல்றான்” என்று ஆரம்பித்தார். கௌஷிக் சொல்கிறான், தொடை சதையை நீட்ட வேண்டுமாம். கௌஷிக் சொல்கிறான், டிவி கண் மட்டத்தில் இருக்க வேண்டுமாம். டிவிக்கு அடியில் மூன்று டெலிபோன் டைரக்டரிகள் ஏறின. டிவியை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. இதை யாரும் கேட்கவில்லை.

“முதுகு நிமிந்ததும் உங்கப்பாவுக்கு ஒரு இஞ்ச் உயரம் கூடியிருக்கு பாத்தியா?” என்றாள் அம்மா. “கல்யாணத்தப்போ இருந்த மாதிரி இருக்காரு.”

எனக்கு அவர் கல்யாணத்தைப் பற்றித் தெரியாது. இடது பள்ளத்தைப் பற்றித் தெரியும். அது மேலே வந்துகொண்டிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரே மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். இந்த வேகத்தில் போனால் கோடைக்குள் அங்கே யாரும் உட்கார்ந்த அடையாளமே இருக்காது. வலது பள்ளம் மட்டும் தனியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

பேனாவை எடுத்தேன்.

எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஒரு சுவர்ப் பத்திரிகை உண்டு. பெயர் ‘ஓட்டை ஜன்னல்’. ஆசிரியர் நான். மன்றத்தில் பத்தொன்பது பேர். அதில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர். மீதிப் பேருக்கு என் வகுப்பில் படிக்கும் மது வாசித்துக் காட்டுவாள். அவள்தான் துணை ஆசிரியர். இதழில் முழுப் பக்கம் எழுதினேன்: ‘பொத்தானுக்குக் கீழ்ப்படிதல்’. மனிதன் குரங்கிலிருந்து நிமிர்ந்து பல லட்சம் வருடம் கழித்து, நிமிர்ந்தாயா என்று கேட்க ஒரு பொத்தானையும், பொத்தானுக்கு மேல் ஒரு குர்காவ் இளைஞனையும் நியமித்துக்கொண்டதைப் பற்றி. அந்த இளைஞன் தூங்கும்போதும் நின்றுகொண்டே தூங்குவதாக அதில் ஒரு தகவல் இருந்தது. தகவல் என்னுடையது.

மது வாசித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, தாளை மேஜைமேல் போட்டாள்.

“இது நையாண்டி இல்லடா. புகார் மனு.”

“யார் மேல?”

“எண்ணிட்டேன். கிளிப்பைப் பத்தி ரெண்டு இடத்துல வருது. அந்தப் பையனைப் பத்திப் பதினோரு இடத்துல வருது. யார் அவன்?”

“ஒரு சமூகப் பிரச்சனை.”

“பொறாமையா?”

“எனக்கா? கண்காணிப்புக்கு எதிரான கொள்கை.”

“கொள்கைக்கு ஏன்டா காது சிவக்குது?”

“டிசம்பர். குளிர்.”

மது சமோசாவை இரண்டாக உடைத்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள். “அச்சா, ஒண்ணு சொல்லு. வீட்லயே நீ இருக்கும்போது உங்கப்பா ஏன் உன்னைப் பார்ட்னரா போடல?”

இந்தக் கேள்வி எனக்கும் தெரியும். தினமும் இரவு படுக்கும்போது பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிற கேள்விதான்.

“கேளேன் அவர்கிட்ட” என்றாள் மது.

“நாங்க கேக்குற குடும்பம் இல்ல” என்றேன். “உட்கார்ற குடும்பம்.”

அதைவிட மோசமான ஒன்று மறுநாள் நடந்தது. கட்டுரையை யாரோ போட்டோ எடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றிக் கௌஷிக்கிடம் போய்ச் சேர்ந்தது. அவன் கோபப்படவில்லை. துவாரகா தமிழர்கள் குரூப்பில் அதைப் போட்டு, ‘நம்ம பிரதீப் எழுதினது, பிரமாதம்’ என்று எழுதியிருந்தான். நாற்பது பேர் கை தட்டியிருந்தார்கள். ஒருவனைத் திட்டி எழுதி, அவனே கொண்டுபோய் விநியோகம் செய்தால் எழுதினவன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே எதிர் பிளாக் தெரியாத பனி. அம்மா காய்கறியும் கம்பளி சாக்ஸும் வாங்கச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்த்து, ஊறி, கீசர் வெந்நீர் காய்ந்து, சீயக்காய் போட்டு வெளியே வர ஒன்றேகால் மணிநேரம் ஆகும். போன் படுக்கையறையில், சத்தம் அணைத்து, சார்ஜில் கிடந்தது. கிளிப் வாஷ்பேசின் மேல், சீப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

என் திட்டத்தில் வன்முறை எதுவும் இல்லை. கிளிப்பை எடுத்து ஒரு தலையணையில் மாட்டினேன். தலையணையை இரண்டாக மடித்து, நல்ல கூன் விழவைத்து, அப்பாவின் பள்ளத்தைப் பார்த்து வீசினேன். தொப்பென்று விழுந்தது. விடுமுறைக் காலையில் கௌஷிக்குக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போகும். எழுந்து நடப்பான், உட்காருவான், மறுபடி நடப்பான். பத்துத் தடவை நடந்தால் பார்ட்னர் வேலையே வேண்டாம் என்று கும்பிடு போட்டுவிடுவான். அதன் பிறகு காலியாகும் இடத்துக்கு யார் வருவார்கள் என்பதை இயற்கையிடம் விட்டுவிடலாம்.

என் பள்ளத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். படுக்கையறையில் அப்பாவின் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. அப்புறம் என் போன் அடித்தது. ‘கௌஷிக்’ என்று பெயர் தெரிந்தது. நின்றது. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. நன்றாக நடக்கட்டும் என்று நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், நன்றாக நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை அடிக்கவில்லை.

ஐம்பது நிமிடம் கழித்து வாசல் மணி அடித்தது. அடித்தது என்றால், விரலை எடுக்காமல் அடித்தது.

திறந்தேன். கௌஷிக். ஹெல்மெட் கையில். மீசையெல்லாம் பனித்தண்ணீர். ஸ்வெட்டரை உள்வெளி மாற்றிப் போட்டிருந்தான். காலில் ரப்பர் செருப்பு. டெல்லி ஜனவரியில், துவாரகாவிலிருந்து மோதி பாக்வரை, பைக்கில், சாக்ஸ் இல்லாமல். பாதம் இரண்டும் நீலம் பாரித்திருந்தன.

“அங்கிள் எங்கே?”

“குளிக்கிறாரு...”

அவன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். “கீழே விழுந்தாலும் சொல்லும்னு பொடி எழுத்துல போட்டிருக்கே, ஆப்ல திடீர்னு விழுந்துட்டார்னு வந்தது. அப்புறம் அசைவே இல்லை. போனை எடுக்கலை. ஆன்ட்டியும் எடுக்கலை. நீயும் எடுக்கலை. நான் என்னன்னுடா நினைக்கறது?”

சொல்லிக்கொண்டே சோபாவைப் பார்த்தான். கூன் விழுந்த தலையணையைப் பார்த்தான். அதன் முதுகில் இருந்த கிளிப்பைப் பார்த்தான்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு, சீயக்காய் வாசனையோடு, சிவந்த கண்களோடு அப்பா வந்தார்.

“என்ன கௌஷிக், காலையிலயே? வா வா. ஏன் இப்படி வந்திருக்க?”

கௌஷிக் தலையணையை நகர்த்திவிட்டு இடது பள்ளத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை நிஜமாகவே உட்கார்ந்தான். தோள் சரிந்தது, முதுகு வளைந்தது, தலை கைகளுக்குள் போனது. அவன் முதுகு வளைந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்வெட்டருக்குள் ஏதோ உதறும் சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்பா தலையணையை எடுத்தார். கிளிப்பைக் கழற்றினார். என்னைப் பார்த்தார்.

“தலகாணிக்கு எப்போ இருந்துடே முதுகு வலி?”

ஆபீஸ் ஜோக் மாதிரிதான் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

“நான்தான்” என்றேன், தரையைப் பார்த்து. தரையில் கௌஷிக்கின் பாதங்கள்தான் இருந்தன. என் அப்பாவுக்காக நான் இப்படி ஓடியிருப்பேனா என்று யோசித்தேன். சாக்ஸைத் தேடியிருப்பேன். இதில்கூட அவன் என்னை முந்திவிட்டான் என்று அப்போதும் வயிறு எரிந்தது. வெட்கத்தோடு சேர்ந்து எரியும்போது அது தனியான ஒரு எரிச்சல்.

கௌஷிக் தலையை நிமிர்த்தினான். “போகட்டும் அங்கிள். நன்னா இருக்கேளே, அது போதும். ஆனா ஒண்ணு. எனக்கு இங்கே வர அம்பது நிமிஷம் ஆச்சு. நிஜமாவே விழுந்திருந்தேள்னா? பார்ட்னர் கூடவே இருக்கறவாளா இருக்கணும். முதல்லயே பிரதீப்பைப் போட்டிருக்கலாமே?”

அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

“அவன்கிட்டதான் மொதல்ல கேட்டேன். பதில் வரலை. மூணு ரிமைண்டர் போட்டேன். அதுக்கும் வரலை. ஃபைலை மூடிட்டேன்.”

“எப்போ கேட்டீங்க?” என்றேன். “எங்க கேட்டீங்க?”

“எழுத்துல.”

“நான் பக்கத்துலதானப்பா உட்கார்ந்திருந்தேன்!”

“எழுத்துல போனதுக்கு எழுத்துலதான பதில் வரணும்?” என்றார் அப்பா. முப்பது வருட சர்வீஸில் இதுகூடத் தெரியாத ஒருவனை முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார்.

போனை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

அப்பா தினமும் காலை ஐந்தரைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் அனுப்புவார். ஒரு ரோஜா, ஒரு சூரியன், ஒரு டீக் கோப்பை, ஒரு நல்ல வார்த்தை. காலேஜ் சேர்ந்த முதல் மாதமே அவருடைய சாட்டின் சத்தத்தை அணைத்து, கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவிட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், அவசரம் என்றால் கூப்பிடுவார் என்று கணக்கு. இரண்டரை வருடம் கழித்து இப்போதுதான் திறந்தேன். ரோஜாக்களை மேலே தள்ளிக்கொண்டே போனேன். நவம்பர் வந்தது.

அப்பா ஆபீஸ் இங்கிலீஷில்தான் எழுதுவார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

ஞாயிறு, இரவு 7:12. ‘இத்துடன் உள்ள இணைப்பைக் காண்க. பார்ட்னராகச் செயல்பட உன் சம்மதம் கோரப்படுகிறது.’

புதன். ‘மேற்படி விஷயம் தொடர்பாக. நினைவூட்டல் 1.’

சனி. ‘நினைவூட்டல் 2. பதில் விரைவில் எதிர்பார்க்கப்படுகிறது.’

செவ்வாய். ‘நினைவூட்டல் 3. படிப்பு இருந்தால் பரவாயில்லை.’

மறுநாள் புதன். ‘உரிய காலத்துக்குள் பதில் வராததால், விருப்பம் இல்லை எனக் கருதி இவ்விஷயம் முடித்துவைக்கப்படுகிறது.’

அதற்கடுத்த நாள் காலை ஐந்தரைக்கு, வழக்கம்போல, ஒரு ரோஜா.

ஞாயிறு இரவு 7:12. அந்த நேரம் எனக்கு நினைவிருக்கிறது. கௌஷிக் கிளிப்பைக் கொடுத்துவிட்டுப் போன அன்று. மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா போனில் ஒற்றை விரலால் ரொம்ப நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு டப்பா அவர் பக்கம் இருந்தது. “தள்ளுங்கப்பா” என்றேன். டப்பாவைத் தள்ளிவிட்டு என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். எண்ணெய் கையோடு ரிமோட்டைத் தொடாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டேன்.

நான் முன்னறைக்கு வந்தபோது கௌஷிக் இட்லி சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தான். என் அலமாரியிலிருந்து கம்பளி சாக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, என் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து மாட்டினான்.

“அடுத்த இதழ்ல இதையும் போடுவியா?”

“மாட்டேன்.”

“ஏன்டா, நன்னா இருக்குமே. தலகாணியைக் காப்பாத்தப் பனியில வந்த வீரன்.” ஸ்வெட்டரைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு, பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்து ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “டெமோ பீஸ். வேணும்னா போட்டுக்கோ. வேண்டாம்னா தலகாணிக்கு மாட்டு.”

அவன் நல்லவனாக இருந்து தொலைத்தது எனக்கு எந்த விதத்திலும் உதவியாக இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா இடது விளிம்பில், நான் வலது பள்ளத்தில். நடுவில் டப்பாக்கள். போனை எடுத்து எழுதினேன். மூன்று தடவை அழித்து எழுதினேன்.

‘தங்கள் கடிதமும் அதைத் தொடர்ந்த மூன்று நினைவூட்டல்களும் தொடர்பாக. பதில் அளிப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கும், தலையணை விஷயத்துக்கும் மிகவும் வருந்துகிறேன். மூடிய ஃபைலைத் திறந்து, என் சம்மதத்தை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டடி தூரத்தில் அப்பாவின் போன் சத்தம் போட்டது. கண்ணாடியை மாட்டினார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒற்றை விரலால் தட்டினார். என் போன் அதிர்ந்தது.

‘பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.’

“அப்பா...” என்றேன்.

“மேட்ச்சைப் பாருடே” என்றார்.

ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய். ஏழு மணிக்குக் கௌஷிக் கூப்பிட்டான், அப்பா பால்கனிக்குப் போனார், சிரித்தார். நான் உள்ளே உட்கார்ந்து ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்று யோசித்தேன். அரசாங்கத்திடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்மீது முதல்முறையாக இரக்கம் வந்தது. தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜா வந்தது. ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, ஓரத்தில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன்.

புதன்கிழமை. கல்லூரி நூலகத்தில் மதுவும் நானும் அடுத்த இதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணி. மேஜைமேல் என் போன் உதறியது.

‘சிவஞானம் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அவருடைய பார்ட்னர்.’

உத்தரவு இல்லை, கையெழுத்து இல்லை, தகவல்கூட இல்லை. நேராக அமலுக்கு வந்துவிட்டது.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.

“எங்கடா?” என்றாள் மது.

“தண்ணி குடிக்க.”

“பாட்டில் இங்கதான இருக்கு?”

“இது வேற தண்ணி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து ஒற்றெழுத்து தேடுவது மாதிரி பாவனை செய்தாள். நல்ல துணை ஆசிரியர்.

வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, எந்திரிங்க.”

“யாரு... பிரதீப்பா? ரெண்டு நிமிஷம்டே, அவசர ஃபைல் ஒண்ணு...”

“ஃபைல் ஸ்லிப்புலயே நிக்கட்டும். நீங்க எந்திரிங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

“எந்திரிச்சாச்சு. நீ நடக்கியா?”

“நடக்கேன்.”

“இங்கன காரிடார்ல ரெண்டு பேரு பாக்காங்கடே.”

“கண்டனம் தெரிவிக்கிறாங்களா?”

“இல்ல. பரிசீலனையில வச்சிருக்காங்க” என்றார் அப்பா. சிரித்தார். இந்தத் தடவை நான் கதவுக்கு உள்ளே இல்லை.

வராந்தா நீளமானது. கடைசியில் அறிவிப்புப் பலகை. அதில் போன மாத ‘ஓட்டை ஜன்னல்’ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ‘பொத்தானுக்குக் கீழ்ப்படிதல்’, முழுப் பக்கம், தடித்த எழுத்தில். அப்பா காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, தலையைக் குனிந்தபடி அதைக் கடந்தேன்.

ஸ்வெட்டருக்குள், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, லேசாக உதறியது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. நிமிர்ந்து நடந்தேன்.